பதினைந்து வயது அக்காள் மகன் செம்பனைக் குலைத் திருட்டில் கைது: ஒப்புக்கொள்ளச் சொல்வது சரியா?

கேட்டவர்: தாய்மாமன்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தென் கெடாவில், கூலிம் பக்கத்தில், முன்பு பால்மரமாக இருந்து இப்போது செம்பனையாக மாறிவிட்ட ஒரு தோட்டத்தை ஒட்டிய சிறு நகரத்தில் வசிக்கிறோம். என் அக்காள் மகனுக்கு வயது பதினைந்து. படிவம் மூன்றில் படிக்கிறான். அத்தான் ஜொகூரில் லோரி ஓட்டுகிறார், மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அக்காள் தோட்டத்துக் குத்தகையாளரிடம் உரம் போடும் வேலைக்குப் போகிறார்.

விடுமுறை நாள்களில் உதிரிப் பழம் பொறுக்கி, சாக்குக்கு இத்தனை என்று காசு வாங்குவது எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமானதுதான். ஞாயிற்றுக்கிழமை இரவு, எங்களுக்கு முகம் தெரிந்த இரண்டு ஆண்கள், இருவருக்கும் முப்பது வயதுக்கு மேல், லோரியில் குலை ஏற்றினால் ஐம்பது வெள்ளி தருவதாகச் சொல்லி அவனைக் கூட்டிச் சென்றிருக்கிறார்கள். தோட்டக் காவலாளிகள் லோரியை மறித்து மூவரையும் போலீசில் ஒப்படைத்துவிட்டார்கள். மறுநாள் காலை மாஜிஸ்திரேட் முன்னிலையில் நிறுத்தி, விசாரணைக்காக நான்கு நாள் தடுப்புக் காவல் வாங்கியிருக்கிறார்கள். தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவு, அதனுடன் 34ஆம் பிரிவு என்று விசாரணை அதிகாரி அக்காளிடம் சொன்னார். வியாழக்கிழமை குற்றஞ்சாட்டப்படலாம் என்றும் கூறினார்.

அந்த இருவருக்கும் அந்தக் காட்டில் குலை வெட்டும் குத்தகை இருக்கிறது என்று நினைத்துத்தான் போனேன் என்று பையன் சொல்கிறான். அதை முழுமையாக நம்பவும் முடியவில்லை, தள்ளிவிடவும் மனம் வரவில்லை. இரவு பதினொரு மணிக்கு யாரடா குலை ஏற்றுவார்கள் என்று அக்காளே அழுதுகொண்டு கேட்கிறார்.

எங்கள் கோயில் நிர்வாகத்தில் உள்ள பெரியவர் ஒருவர், சின்னப் பையன்தானே, ‘மெங்காகு சாலா’ (குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்) என்று மலாயில் இரண்டு சொல் சொல்லிவிட்டால் அபராதத்தோடு அன்றைக்கே முடிந்துவிடும், வழக்கறிஞர் வைத்தால் வருடக்கணக்கில் இழுக்கும், பள்ளிக்கும் தெரிந்துவிடும் என்கிறார். அக்காளும் அதற்கு ஏறக்குறைய உடன்பட்டுவிட்டார். எனக்குத்தான் நெஞ்சு ஒப்பவில்லை. ஒப்புக்கொள்வது நல்லதா? வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் யாரிடம் போவது? போலீஸ் எழுதி வாங்கிய வாக்குமூலத்தில் அவன் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். அதற்குப் பிறகு மறுப்பதில் பொருள் இருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

நெறியாளர் குறிப்பு

பதிவில் இருந்த பையனின் பெயர், தோட்டத்தின் பெயர், பள்ளியின் பெயர், அவனுடைய படம் ஆகியவற்றை நான் நீக்கிவிட்டேன். கேட்டவர் வருந்த வேண்டாம். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வழக்கில் தொடர்புடைய சிறாரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே, கைதாகி விசாரணை நடக்கும் காலத்துக்கும் இந்தத் தடை பொருந்தும். மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். சொந்தத் தாய்மாமன் நல்லெண்ணத்தில் எழுதினாலும் இதுதான் நிலை. வட்டாரத்து வாட்சப் குழுக்களில் அவனுடைய படம் சுற்றிக்கொண்டிருந்தால், அதை அனுப்பியவர்களிடம் இதைச் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

பதில்: கறுப்பு அங்கி

வடமாநிலங்களில் இருபது ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகளை நடத்துபவன் நான். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம் மட்டுமே. கோப்பைப் படித்த வழக்கறிஞரின் சொல்லுக்கு இது ஈடாகாது.

வியாழக்கிழமைக்கு இன்னும் நேரம் இருப்பதால் முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தேசிய சட்ட உதவி அறவாரியம், நீதிமன்ற வளாகங்களில் ‘ஒய்பிஜிகே’ என்ற எழுத்துகளில் நீங்கள் பார்த்திருக்கக் கூடியது, 2011இல் தொடங்கப்பட்ட அமைப்பு. கைது, தடுப்புக் காவல் ஆகிய கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு வருமானத்தைப் பார்க்காமலேயே அது இலவசமாக வழக்கறிஞரை அனுப்புகிறது. மரண தண்டனைக்குரிய குற்றங்களை அது எடுப்பதில்லை, ஆனால் உங்கள் வழக்கு அப்படிப்பட்டதன்று. சட்ட உதவி இலாகாவும் சிறார் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் பிள்ளைகளுக்காக வாதாடுகிறது. நாளைக் காலையிலேயே அக்காள் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் தமது அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு இவற்றில் ஒன்றை அணுகட்டும். விசாரணை அதிகாரியிடமும், என் மகனுக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லட்டும். கைதானவர் தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்துகொள்வதைக் கூட்டரசு அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவே உறுதிப்படுத்துகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவும் அதையே விரித்துச் சொல்கிறது. இது சலுகை அன்று என்பதால் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

தடுப்புக் காவல் எத்தனை நாள் நீளும் என்ற அச்சம் இருக்கும். 379ஆம் பிரிவில் உச்சத் தண்டனை ஏழாண்டு என்பதால், முதல் முறை நான்கு நாள், இரண்டாம் முறை மூன்று நாள், ஆக மொத்தம் ஏழு நாளுக்கு மேல் விசாரணைக் காவலில் வைக்க முடியாது. அந்தக் காலத்தில் அவனை அந்த இரண்டு ஆண்களுடன் ஒரே அறையில் வைக்கக் கூடாது. பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்கும்படி சிறார் சட்டத்தின் 85ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. இதை நேரில் போய்க் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, நீங்கள் கேட்காத, ஆனால் இந்த வழக்கில் மிக முக்கியமான ஒன்று. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சிறார் நீதிமன்றம்தான் விசாரிக்கும் என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். பொதுவாக அது உண்மை. மரண தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக மற்றெல்லாம் அங்கேதான் போகும். ஆனால் பெரியவர்களுடன் கூட்டாகக் குற்றஞ்சாட்டப்பட்டால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போய்விடும் என்று சிறார் சட்டத்தின் 83ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நீதிமன்றமும் அவனைப் பொறுத்தவரை சிறார் சட்டத்தின் அதிகாரங்களையே பயன்படுத்த வேண்டும், நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் சரி. ஆயினும் மூடிய அறையில், எளிய மொழியில், பிள்ளைக்கென்று நடத்தப்படும் விசாரணையும், இரண்டு முழு ஆண்களுடன் கூண்டில் நின்று கேட்கும் விசாரணையும் ஒன்றாகிவிடா. சிறார் நீதிமன்றம் கையாளும் பிள்ளையைப் பற்றி, குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டான், தண்டிக்கப்பட்டான் என்ற சொற்களையே பயன்படுத்தக் கூடாது என்பதும் சட்டத்தில் உள்ளது. ஆகவே உங்கள் வழக்கறிஞர் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, அரசுத் தரப்பு வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதி, பையனைத் தனியாகக் குற்றஞ்சாட்டும்படியோ, அவனைச் சாட்சியாக வைத்துக்கொள்ளும்படியோ, வழக்கையே கைவிடும்படியோ கேட்பது. ‘ரெப்ரெசெந்தாசி’ என்று நீதிமன்றத்தில் எல்லோரும் சொல்வது இதைத்தான். ஐம்பது வெள்ளிக்குக் கூலிக்குப் போன பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றி இப்படி எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. முதல் நாளே ‘மெங்காகு சாலா’ சொல்லிவிட்டால் அந்தக் கடிதத்துக்கு இடமே இல்லாமல் போய்விடும்.

இனி ஒப்புதலுக்கு வருகிறேன். திருட்டு என்பது ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு போவது மட்டுமன்று. நேர்மையற்ற நோக்கத்தோடு எடுப்பதுதான் சட்டத்தில் திருட்டு. 34ஆம் பிரிவைச் சேர்த்தால், மூவருக்கும் பொதுவான நோக்கம் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். குலை ஏற்றினேன், ஆனால் அவர்களுக்குக் குத்தகை இருப்பதாக நினைத்தேன் என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது; அது மறுப்பு. ஒப்புதலை ஏற்கும் முன், அதன் தன்மையும் விளைவும் பிள்ளைக்குப் புரிகின்றனவா, எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறானா என்று நீதிமன்றம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெரியவர் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு சொல்லை ஒப்பித்துவிட்டு, பிறகு வீட்டில் வேறு கதை சொல்லும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போன ஒப்புதலைத் திரும்பப் பெற ஓடுவது, தொடக்கத்தில் ஒரு வழக்கறிஞரைத் தேடுவதை விடப் பல மடங்கு கடினமான வேலை.

இரவு பதினொரு மணி என்பதை மூடி மறைக்க வேண்டாம். அரசுத் தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து வைக்கும். அதனாலேயே, அந்த ஆண்கள் அவனுக்கு அனுப்பிய வாட்சப் செய்தி, குரல் பதிவு எதுவாக இருந்தாலும் அழிக்காமல் வைத்திருங்கள். கைப்பேசி போலீசிடம் இருந்தால் அதை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். அவன் என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டில் யாரும் பாடம் நடத்தாதீர்கள். நடந்ததை நடந்தபடி வழக்கறிஞரிடம் தனியாகச் சொல்லட்டும்.

கையெழுத்திட்ட வாக்குமூலம் பற்றி: விசாரணையின்போது குற்றஞ்சாட்டப்பட்டவர் போலீசிடம் சொன்னதை அவருக்கு எதிரான சாட்சியமாக அரசுத் தரப்பு பொதுவாகப் பயன்படுத்த முடியாது, நடைமுறைச் சட்டத்தின் 113ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அவன் சொன்னதை வைத்து ஏதேனும் பொருளைக் கண்டெடுத்திருந்தால் சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு வழியாக அந்தப் பகுதி உள்ளே வரக் கூடும். அதனால் கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தன்னைக் குற்றத்தில் சிக்க வைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை அவனுக்கு உண்டு என்பதையும், மீண்டும் விசாரிக்கும் முன் வழக்கறிஞர் அவனுக்குச் சொல்லட்டும்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

வழக்கறிஞர் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். சிறார் நீதிமன்றத்தில் ஆலோசகராகச் சில ஆண்டுகள் அமர்ந்தவள் என்ற முறையில் நான் மற்றொரு பக்கத்தைச் சொல்கிறேன். அங்கே மாஜிஸ்திரேட்டுக்குத் துணையாக இரண்டு ஆலோசகர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளை குற்றம் செய்தானா என்று தீர்மானிப்பது எங்கள் வேலை அன்று. குற்றம் நிலைநாட்டப்பட்ட பிறகு, அவனுக்கு எந்த உத்தரவு பொருந்தும் என்பதில்தான் எங்கள் கருத்தைக் கேட்பார்கள். எந்தப் பிள்ளையின் வழக்கைப் பற்றியும் நான் வெளியில் பேசியதில்லை, இங்கும் பேசப் போவதில்லை.

நாங்கள் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைத்தான். கைது நடந்ததும் போலீஸ் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சமூகநல இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி உங்கள் வீட்டுக்கு வருவார். வீட்டுச் சூழல், நடத்தை, பள்ளிப் பதிவு, உடல்நலம் எல்லாவற்றையும் எழுதுவார். தோட்டத்து வீட்டில் வழக்கமாக என்ன நடக்கும் தெரியுமா? அதிகாரி வருகிறார் என்றதும் தாய் வீட்டைக் கழுவித் துடைத்து, அப்பா வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறார், பிள்ளை தங்கமான பிள்ளை, எந்தக் குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்த அறிக்கையைப் படிக்கும் எங்களுக்கு, எந்தக் குறையும் இல்லாத வீட்டிலிருந்து இவன் ஏன் நள்ளிரவில் லோரியில் ஏறினான் என்ற கேள்விதான் எஞ்சும். அத்தான் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார், அக்காள் விடியற்காலையில் வேலைக்குப் போகிறார், வீட்டில் காசு போதவில்லை, அதனால்தான் பையன் பழம் பொறுக்கினான் என்பதையெல்லாம் அப்படியே சொல்லுங்கள். அதோடு, இனி மாலையில் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கும் ஒரு பதில் வைத்திருங்கள். தாய்மாமன் நீங்கள் இருப்பதே பெரிய பதில். பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் ஒரு கடிதமும் வாங்கலாம்.

அபராதத்தோடு முடிந்துவிடும் என்று அந்தப் பெரியவர் சொன்னதைப் பற்றி ஒன்று. சிறுவனுக்கு விதிக்கப்படும் அபராதத்தைப் பெரும்பாலும் பெற்றோரே கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடும். சட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆக அதுவும் உரம் போட்டுச் சம்பாதிக்கும் அக்காளின் கூலியிலிருந்துதான் போகும். நன்னடத்தைப் பிணையில் விட்டால், பெற்றோரும் பிணை எழுதிக் கொடுத்து, சமூகநல இலாகா நடத்தும் பட்டறைகளுக்குப் பிள்ளையோடு போய் உட்கார வேண்டியிருக்கும். விசாரணை நாள்களில் பெற்றோர் நீதிமன்றத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்பதால், அத்தான் இப்போதே விடுப்புக்குச் சொல்லி வைப்பது நல்லது. காரணமில்லாமல் வராத பெற்றோர் மீது தனியாக நடவடிக்கை எடுக்க முடியும்.

பதில்: ரப்பர் விதை

மன்னிக்கவும், நான் சற்று மாறுபடுகிறேன். என் தம்பி பதினாறு வயதில் ஒரு கடையின் பூட்டை உடைத்த வழக்கில் மாட்டினான். அவன் உண்மையிலேயே செய்திருந்தான், எங்களிடமும் ஒளிக்கவில்லை. ஒப்புக்கொண்டான், நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள், இன்று குடும்பத்தோடு நன்றாக இருக்கிறான். எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுத்து வழக்காடு என்று சொல்வது, குற்றம் செய்த பிள்ளையை இரண்டு வருடம் பொய்யைச் சுமக்க வைப்பதாகவும் முடியலாம். அதுவுமின்றி, சட்டம் பதினைந்து வயதைத் தொடாது என்று சிலர் சொல்வதை நம்பி எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

பதில்: கறுப்பு அங்கி

ரப்பர் விதை சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. செய்த பிள்ளை ஒப்புக்கொள்வதில் தவறில்லை. கோப்பைப் படித்து, குற்றச்சாட்டைக் குறைக்க வழி உண்டா என்று பார்த்து, அறிக்கையைத் தயார் செய்து வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கருத்து. உங்கள் தம்பி தான் செய்ததை ஒப்புக்கொண்டார். இந்தப் பையனை, விரைவில் வீட்டுக்குப் போகலாம் என்பதற்காக ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள்.

வயதைப் பற்றிச் சொன்னதும் சரிதான். தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை செய்வது குற்றமே ஆகாது. பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், தான் செய்வதன் தன்மையும் விளைவும் புரியும் அளவுக்கு முதிர்ச்சி இருந்ததா என்று 83ஆம் பிரிவு கேட்கிறது. பதினைந்து வயதுக்கு இரண்டும் உதவா. மறுமுனையில் இன்னொரு கோடு இருக்கிறது: சிறுவனாக இருந்தபோது நடந்த செயலுக்குப் பதினெட்டு நிறைந்த பிறகு குற்றஞ்சாட்டப்பட்டால், வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும். உங்கள் பையனுக்கு அந்தக் கவலை இல்லை. பதினேழரை வயதுப் பிள்ளை உள்ள வீட்டார் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

மோசமானதையும் சொல்லிவிடுகிறேன். ‘துனாஸ் பக்தி’ பள்ளி, பதினான்கு வயது நிறைந்தவர்களுக்கு ‘ஹென்றி கர்னி’ பள்ளி ஆகிய சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்புவதும் சட்டத்தில் உள்ள உத்தரவுகள்தாம். இவற்றுக்கு அனுப்பினால் பேச்சு மூன்றாண்டுக் கணக்கில் இருக்கும். பதினான்குக்குக் கீழ் உள்ள பிள்ளையைச் சிறைக்கு அனுப்பவே கூடாது. அதற்கு மேல் உள்ளவனையும் வேறு வழி பொருந்தாத நிலையில் மட்டுமே அனுப்பலாம். முதல் குற்றச்சாட்டு, பள்ளியில் படிக்கும் பிள்ளை, பொறுப்பேற்க வீட்டில் ஆள் என்ற நிலையில் அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எதுவும் ஆகாது என்று எண்ணி வெறுங்கையோடு போய் நிற்கக் கூடிய வழக்கும் அன்று இது.

ஜாமீனைப் பற்றிச் சொல்ல மறந்தேன். 379 என்றால் ஜாமீன் கிடைக்காது என்று யாராவது அக்காளைப் பயமுறுத்தினால், சிறாருக்குச் சிறார் சட்டத்தின் 84ஆம் பிரிவு தனியாக இருக்கிறது என்று சொல்லுங்கள். கொலை போன்ற கடுங்குற்றமாக இருந்தாலோ, தீய சேர்க்கையிலிருந்து பிரித்து வைப்பது பிள்ளையின் நலனுக்குத் தேவை என்றாலோ, விடுவித்தால் நீதி தோற்றுப்போகும் என்று நம்பக் காரணம் இருந்தாலோ தவிர, பெற்றோரின் பிணையில் அவனை விடுவிக்க வேண்டும் என்பதே அங்கே விதி. தீய சேர்க்கை என்பதை இந்த வழக்கில் எழுப்புவார்கள். அந்த இரு ஆண்களும் உங்கள் வரிசை வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர்கள் என்றால், பையனைச் சில மாதங்களுக்கு உங்கள் வீட்டில் தங்க வைக்க நீங்கள் தயாரா என்று இன்றைக்கே யோசித்து வையுங்கள்.

கேட்டவர்: தாய்மாமன்

அனைவருக்கும் நன்றி. புதன்கிழமையே அக்காளும் நானும் போய் எழுதிக் கொடுத்தோம். வியாழக்கிழமை காலை ஒய்பிஜிகே வழக்கறிஞர் ஒருவர், இளம் பெண், வந்து மருமகனிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். எங்களை உள்ளே விடவில்லை. அக்காளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். இன்னும் குற்றஞ்சாட்டவில்லை. போலீஸ் பிணையில் விட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அரசுத் தரப்புக்குக் கடிதம் எழுதப் போவதாக வழக்கறிஞர் சொன்னார். அவனுடைய கைப்பேசியில் அந்த ஆண்களில் ஒருவர் அனுப்பிய குரல் பதிவு இருக்கிறது. ‘மண்டோர் கிட்ட சொல்லியாச்சு, நீ வந்து ஏத்து’ என்று, அதாவது தோட்டத்து மேற்பார்வையாளரிடம் சொல்லியாகிவிட்டது என்று, அதில் கேட்கிறது. அதைக் கேட்டதும் வழக்கறிஞர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு இன்னொரு முறை போடச் சொன்னார்.

அந்த இருவரில் ஒருவரின் வீடு எங்கள் அக்காள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. மருமகன் நேற்றிரவு முதல் என் வீட்டில் இருக்கிறான். இங்கிருந்து அவனுடைய பள்ளிக்குப் பேருந்து இல்லை என்பதால் காலையில் நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன். பெரியவரிடம் இன்னும் சொல்லவில்லை.